இரண்டாவது முக்காலி

செல்லம்மா கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கழற்ற வேண்டாம் என்று அவள் சொல்வதில்லை.

சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில், மருந்துக் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. ஒரு கார் நிற்கிற அகலம். முன்பு அரிசி மண்டியாக இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெளிர்ப்பச்சை, மேலே வெள்ளை. பின்சுவர் முழுக்கத் தேக்கு அலமாரி. தட்டுகளின் விளிம்பில் பூவாக வெட்டிய காகித ஓரம்.

பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பழைய பங்களாக்களை இடித்து ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இடிப்பதற்கு முன்பே செல்லம்மா போய்விடுவாள். புருஷன் சின்னப்பன் டெம்போ ஓட்டினான். நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, வலைக்கதவு அலமாரி, கலர்க் கண்ணாடி ஜன்னல், பூப்போட்ட தரைக்கல். கிரானைட்டுக்கும் மைக்காவுக்கும் மாறுகிறவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதை எல்லாம் வாங்கிவந்து கழுவினாள். மரத்துக்கு எண்ணெய் தேய்த்தாள்.

கடையில் எதுவும் சும்மா நிற்காது. ஜாடியில் உப்பு இருக்கும். தகர டப்பாவில் டீத்தூள். பித்தளை ஃபில்டரில் காபி இறங்கிக்கொண்டிருக்கும். வலை அலமாரியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும், உள்ளே பால். யாராவது ஜாடியைக் கேட்டால், உப்பை வேறொன்றில் மாற்றி, கழுவி, துடைத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நேரத்தில் இன்னொரு பொருளைப் பார்த்துவிடுவார்கள்.

கடை துளசிங்கத்துடைய இடம். அந்தச் சாலையின் ஒரு பக்கம் முழுக்க ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல் வயல். ஒருநாள் வந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் வெள்ளி அரைஞாண்.

"செல்லம்மா, தை மாசம் கடையைக் காலி பண்ணிடும்மா. இடிச்சிட்டு மூணு மாடி கட்டப்போறேன்."

அவள் காபியை ஆற்றிக் கொடுத்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து குடித்தார். கலர் ஜன்னல் வழியாக வெயில் விழுந்து அலமாரி முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. அவர் அதையே பார்த்தார். டம்ளர் காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

"என் புது வூட்ல சமையல்ரூம் இன்னும் வெறும் சுவரா கீது," என்றார். "இந்த மாதிரி பண்ணிக் குடுப்பியா?"

"பண்ணிட்டா?"

"பார்க்கறவன் அசரணும். அசந்தா கடை இருக்கட்டும். என் சமையல்ரூம் அழகா இருக்கற வரைக்கும் உன் கடையும் இருக்கும். அது கெட்டுப்போச்சுனு வையி, அப்போ இடிச்சுக்கறேன்."

செல்லம்மா ஒத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் வேலை முடிந்தது. தரையில் பல்லாவரத்துப் பூக்கற்கள். சிவப்பும் கருப்புமாக, காலில் குளிர்ச்சி. கடப்பாக்கல் மேடை. மேடைக்கு மேலே ஒரு நீளப் பலகை, அதில் கரண்டிகள் தொங்கப் பித்தளைக் கொக்கிகள். கிழக்கே கலர்க் கண்ணாடி ஜன்னல். மூலையில் வலை அலமாரி. ஜாடிகள் பெரிதிலிருந்து சிறிதாக. ஜன்னலருகே ஒரு முக்காலி, காய் நறுக்குகிறவர் உட்கார. எதையும் கூடுதலாக வைக்கவில்லை. கை நீட்டினால் எட்டாத பொருள் ஒன்றும் இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பூஜை அறையைவிட அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். பால் பொங்கியது. துளசிங்கம் கதவருகே நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "இருக்கட்டும்மா உன் கடை," என்றார் செல்லம்மாவிடம்.

கொக்கி ஒன்று பாக்கி இருந்தது. கார்த்திகை மாதம், வானம் மூடியிருந்த ஒரு மத்தியானம், அதை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குப் பின்னால் ஸ்டவ் இரையும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். துளசிங்கத்தின் மனைவி அங்காளம்மாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, மண்ணெண்ணெய் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தாள். முறத்தில் தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு.

"இங்க எதுக்குக்கா சமைக்கறீங்க?"

"பின்ன எங்க?"

"உள்ள."

அங்காளம்மாள் சிரித்தாள். "அது எப்பவும் பூட்டிதான் கெடக்கும். தாளிச்சா சுவரு மஞ்சளாவுமாம். சாவி அவரு அரைஞாண்ல. காலைல தூசி தட்டத் தொறப்பாரு. தட்டிட்டு வந்துடணும். யாரையாவது இட்டாந்து காட்டறதுன்னா தொறப்பாரு. இன்னிக்கு என் தம்பி வர்றான், அவனுக்குக் காட்டணும்னு தொறந்து வெச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போய்க்கீறாரு. நான் காவல்."

"ஒரு நாள்கூட சமைக்கலையா?"

"பால் காய்ச்சினதோட சரி."

செல்லம்மா உள்ளே போனாள். சமையலறைப் பின்வாசல் கதவின் கொண்டியில் பித்தளைப் பூட்டு திறந்து தொங்கியது. அவள் கடையிலிருந்து வந்த திண்டுக்கல் பூட்டுதான். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கரண்டிகள் மின்னின. ஜாடியைத் திறந்தாள். கிரகப்பிரவேசத்தன்று கொட்டிய உப்பு கல்லாக இறுகியிருந்தது. வலை அலமாரிக்குக் கீழே கிண்ணங்களில் தண்ணீர் இல்லை. எறும்பு வர அங்கே ஒன்றும் இல்லை.

ரொம்ப அழகாக இருந்தது. அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

மழை பிடித்தது. தூறல் இல்லை, ஒரேயடியாக. ஷீட்டின் விரிசல் வழியாக ஸ்டவ்வின் மேல் தண்ணீர் கொட்டியது. அணைந்தது. அங்காளம்மாள் முறத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். பாதி வெந்த குழம்பில் மழை விழுந்தது.

"உள்ள வாக்கா."

"வேணாம் செல்லம்மா. அவரு பார்த்தா உன் கடையை இடிச்சுடுவாரு. சொன்னா செய்யற ஆளு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

செல்லம்மா கொக்கியை மேடையில் வைத்தாள். மழையில் இறங்கி, முறத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். உப்பு ஜாடியைக் கல்லில் தட்டி உப்பை உடைத்தாள். கேஸைப் பற்ற வைத்தாள். சோற்றுப் பானையும் சாமான் கூடையுமாக வாசலில் ஈரப் புடவையோடு நின்றிருந்த அங்காளம்மாள் காலைத் துடைத்துக்கொண்டு நுழைந்தாள்.

முதலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து கத்திரிக்காயை நறுக்கினாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள். கரண்டி கையில் வந்தது. நின்று அதைப் பார்த்தாள்.

"இது நான் வெக்கற இடம் ஆச்சே. உனக்கு எப்படித் தெரியும்?"

"பழைய வூட்ல நீங்க சமைக்கறதை வந்து பார்த்தேனே. கரண்டிக்குத் தேடாம கை போச்சு."

அங்காளம்மாள் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள். வெடித்துச் சுவரில் தெறித்தது. மஞ்சளும் தெறித்தது. அவள் துணியை எடுக்கப் போனாள். பிறகு எடுக்காமல் வெங்காயத்தை வதக்கினாள். கருவாட்டு வாசனை கூடம்வரை போனது.

குடையை மடக்கும் சத்தம் கேட்டது. துளசிங்கமும் மச்சான் குப்புராஜும் நனைந்து வந்தார்கள். பள்ளிக்கரணையில் குப்புராஜ் வீடு கட்டிக்கொண்டிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாமல் போனவன், மாமாவின் சமையல்ரூமைப் பார்த்து அதேபோல் போடுவதாக இருந்தான்.

துளசிங்கம் வாசற்படியில் நின்றுவிட்டார். மேடையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். செல்லம்மாவைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் உப்பு இருந்தது.

"நான்தான் பத்த வெச்சேன்," என்றாள் செல்லம்மா. "அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க."

குப்புராஜ் அவரைத் தாண்டி உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னாக்கா, கருவாடா? போடு."

"ரூமைப் பார்க்க வந்தியா, துன்ன வந்தியா?" என்றார் துளசிங்கம்.

"ரூமைத்தான் பார்த்துகினு கீறேன். இன்னா மாமா, போன மாசத்துலர்ந்து இந்த ரூமைப் பத்தியே பேசற. போட்டோ புடிச்சு வேற அனுப்பின. ஒரு தபா சோறு போடலியே. நான்கூட பொம்மை ரூம்புனு நினைச்சேன்."

அங்காளம்மாள் நீல விளிம்புத் தட்டில் சோறு போட்டாள். தம்பிக்கு ஒன்று. கொஞ்சம் யோசித்து, இன்னொன்றையும் எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். உட்கார வேறு இடம் இல்லை. துளசிங்கம் தட்டை வாங்கிக்கொண்டு நின்றார்.

செல்லம்மா கையைக் கழுவிக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிட்டாள்.

வீட்டில் சின்னப்பனிடம் சொன்னாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"போச்சா?"

"போச்சுனுதான் நினைக்கறேன்."

"குழம்பு எப்படி இருந்தது?"

"நான் சாப்பிடலை."

"அதுவும் போச்சா," என்றான்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் சாமான்களைக் கட்ட ஆரம்பிக்கலாமா என்று நினைத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். வலை அலமாரியின் கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது துளசிங்கம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"சுவத்துல மஞ்சக் கறை போகல," என்றார்.

"போகாதுண்ணா."

"தேய்ச்சுப் பார்த்தேன்."

"இன்னும் விழும்."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு முக்காலி இருந்தது. அதன் மேல் சின்னப்பனின் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது.

"இது விலைக்கா?"

"எல்லாம் விலைக்குத்தான்."

"அங்க ஒண்ணுதான் கீது. நேத்து நான் நின்னுகினே துன்னேன். காலைல இட்லியும் நின்னுகினேதான். அவ உட்கார்ந்துட்டா எழுந்துக்க மாட்டேங்கறா."

செல்லம்மா டிரான்சிஸ்டரை எடுத்து அலமாரியில் வைத்தாள். முக்காலியைத் துடைத்தாள். கால்களைத் தட்டிப் பார்த்தாள். ஒன்று லேசாக ஆடியது. ஆப்பு செதுக்கி அடித்தாள். அவர் காத்திருந்தார். காபி கொடுத்தாள். குடித்தார்.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து திண்டுக்கல் பூட்டை எடுத்து, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். சாவி அதிலேயே இருந்தது.

"திருப்பி எடுத்துக்கணுமா, அண்ணா?"

"உன் கடைப் பூட்டு துருப்புடிச்சுக் கீது. மழைல தொறக்காது. இதைப் போட்டுக்கோ."

முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார். டெய்லர் வெளியே வந்து பார்த்தான்.

செல்லம்மா பூட்டைத் துடைக்கவில்லை. விலைச்சீட்டும் கட்டவில்லை. சாயங்காலம் கதவைச் சாத்தி, அதையே போட்டுப் பூட்டினாள்.