லிஃப்ட் கதவில் ஒட்டிய காகிதம்

திங்கட்கிழமை காலை நான்காம் மாடியிலிருந்து இறங்கிய லிஃப்ட், சொல்லாமல் கொள்ளாமல் கீழே விழுந்தது. உள்ளே இருந்தவர் கிழவர் வெல்கோ. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இழுவைக் கம்பி தேய்ந்துவிட்டது என்று கட்டடச் சொந்தக்காரன் ஸ்லாவியிடம் அவர் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். கீழ்த்தளத்தில் ஸ்லாவியும் லிஃப்ட் ஆய்வாளரும் காத்திருந்தார்கள். லிஃப்ட் கதவில் ஒரு காகிதம்: பழுது, யாரும் ஏறக்கூடாது. தேதி, விபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எச்சரித்தும் கேளாமல் ஏறினார், தப்பு கிழவருடையது என்றான் ஸ்லாவி. அப்படி முடிவானால் வைத்தியச் செலவும் அவன் தலையில் விழாது, லிஃப்டைச் சரிசெய்யச் சொல்லி நெருக்கவும் ஆளிருக்காது. நான்காம் மாடியில் வெல்கோ அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

வெல்கோவுக்கு ஸ்லாவி மீதும் நம்பிக்கை இல்லை, டை கட்டிய ஆய்வாளர் மீதும் இல்லை. காகிதத்தையே முறைத்தார். அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப் பார்த்தது.

பல்கேரியாவில் அவர்கள் ஊரான பிளேவெனில் யாராவது செத்தால், சுற்றிலும் கறுப்புக் கோடிட்டுப் படம் போட்ட அறிவிப்பைக் கதவுகளில் ஒட்டுவார்கள். அதை மழைதான் கிழிக்கும், மனுஷர் தொடுவதில்லை. வெல்கோ நகத்தை விட்டு மேல் காகிதத்தை உரித்தார். அடியில் இரண்டாம் மாடி நெடால்கா சிரித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலமானாள் என்று போட்டிருந்தது. அவள் செத்தது அவருக்கு அப்போதுதான் தெரியும். தொப்பியைக் கழற்றினார்.

"போன வாரம் வெள்ளிக்கிழமை ஒட்டின காகிதத்துக்கு அடியில, இந்தப் புதன்கிழமை செத்தவ எப்படிடா வந்தா?"

பழைய காகிதம் கிழிந்துபோனதால் மறுபடி ஒட்டியதாக ஸ்லாவி முனகினான். ஆய்வாளர் போய் நெடால்காவின் மகன் மிங்கோவைக் கூட்டி வந்தார்.

"வியாழக்கிழமை நான் ஒட்டுறப்ப கதவு மொட்டையா இருந்துச்சு, கிழிஞ்ச காகிதமோ பழைய பசையோ ஒண்ணுமில்ல" என்றான் மிங்கோ. பிறகு ஸ்லாவியைப் பார்த்தான். "எங்கம்மா மூஞ்சி மேலயா பசை தடவினே?"

ஸ்லாவி கதவைப் பார்க்கவில்லை. தப்பு ஸ்லாவியுடையதுதான் என்று ஆய்வாளர் எழுதியதில் கையெழுத்துப் போட்டான். வெல்கோ அதை இரண்டு முறை மிங்கோவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சரிண்ணே, நீங்க மேல போகணுமே" என்றான் மிங்கோ.

நாற்காலி வந்தது. ஒரு பக்கம் மிங்கோ தூக்கினான், மறுபக்கம் ஸ்லாவி. லிஃப்ட் சரியாகும்வரை வாரம் இரண்டு நாள் இப்படியே ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஏற்ற வேண்டும் என்று வெல்கோ முதல் மாடியில் சொன்னார். இரண்டாம் மாடியில் நாற்காலியை இறக்கி வைத்ததுமே ஸ்லாவி மூச்சிரைக்க மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டான்.