ஒட்டாத பொன்பூச்சு

சிங்கப்பூருக்கு வடக்கே இருக்கும் செனாய் தொழிற்பேட்டையில் வாசுகி வேலை பார்த்த பட்டறைக்கு, இரும்பு வெட்டும் கட்டர்கள் சாம்பல் நிறத்தில் வந்து பொன்னிறத்தில் திரும்பிப் போகும். காற்றை உறிஞ்சியெடுத்த உருளை அறைக்குள் டைட்டேனியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்து அவற்றின்மேல் படியவிடுவார்கள். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராத பூச்சு. ஆனால் அது ஏறிய கட்டர் மூன்று மடங்கு உழைக்கும். ஒட்டினால்தான். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஒட்டாது.

அந்தப் பிசுக்கைக் கழுவும் தொட்டியின் ஹீட்டர் திங்கட்கிழமையே பழுதாகியிருந்தது. புதன்கிழமை காலை, கட்டர்களோடு சேர்த்துப் பூசிய சோதனை வில்லையை வாசுகி எடுத்தாள். வைரமுனையை அழுத்திக் குழி பதித்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். குழியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் மட்டும் இருந்தால் தேறிவிட்டது என்று பொருள். இங்கே பூச்சு செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

“பாஸ், இது போகக் கூடாது. உரியுது.”

மேனேஜர் லோகேஸ்வரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “வில்லைய சரியா கழுவியிருக்க மாட்டாங்க. கட்டர் நல்லாத்தானே மின்னுது? வேன் நிக்குது லா. ரிப்போர்ட்ல சைன் போடுங்க.”

“ஒரு கட்டரால இரும்ப வெட்டிப் பார்த்துட்டு…”

“ஒரு வாரமா லேட்டுன்னு கஸ்டமர்கிட்ட ஏச்சு வாங்குறது நானு. நீங்க வாங்குறீங்களா?”

பதினோரு வருடத்தில் அவரை அவள் எதிர்த்துப் பேசியதில்லை. போட்டாள். இருபத்து நான்கு கட்டர்கள் மூன்று பெட்டிகளில் கிளம்பின. ஆறு கட்டர்கள் இருந்த பெட்டியை, இரண்டு தெரு தள்ளியிருந்த தொழிற்சாலையின் மெஷின் ஓட்டுநர் சுகுமாறன் நேரில் வந்து வாங்கிப் போனான்.

பத்தரை மணிக்கு அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. “அக்கா, கட்டர் வெண்ணெய்ல கத்தி மாதிரி போவுது! எங்க பாஸ் ஸ்பீட நாப்பது பர்சென்ட் ஏத்தச் சொல்லிட்டாரு.”

பூச்சை நம்பி வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அது உரிந்தால் கட்டர் சூடேறி, வெட்டிய இரும்பே அதில் அப்பிக்கொள்ளும். பிறகு உடையும். அந்த வேகத்தில் சுழல்கையில் உடைந்த துண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் வெயிலில் ஓடினாள்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. நல்ல வெட்டு ஒரே சுருதியில் இரையும். இது கீச்சிட்டது, அடங்கியது, மறுபடி கீச்சிட்டது. மெஷின் கதவின் கண்ணாடி பழசு. எண்ணெய் பட்டு மங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. உள்ளே சரியாகத் தெரியாததால் சுகுமாறன் அதில் மூக்கு முட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுகு! நிப்பாட்டு! நிப்பாட்டு!”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் காரணம் கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானை அறைந்தான்.

கழற்றிய கட்டரின் வெட்டு விளிம்பில் பொன் இல்லை. கருகி, இரும்புத்தூள் அப்பியிருந்தது. தண்டில் பாதிவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

“அலமாக்,” என்று மலாயில் அதிர்ந்தான். பிறகு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். “மத்ததெல்லாம் எங்கக்கா?”

“பாசிர் கூடாங் கம்பெனிக்குப் பத்து. சிங்கப்பூருக்கு எட்டு.”

லோகேஸ்வரனைக் கூப்பிட்டுச் சொன்னாள். “யாரும் கம்ப்ளெய்ன் பண்ணலையே? நீங்களா ஊரக் கூட்டாதீங்க. சைன் உங்களோடது, ஞாபகம் இருக்கட்டும்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதுதான் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. தொழிற்சாலை வாசற்படியில் உட்கார்ந்து, தானே பாசிர் கூடாங்குக்கு எண்களை அழுத்தினாள். நீண்ட நேரம் மணியடித்தது. எடுத்த மலாய்க்காரப் பெண் மூச்சிரைத்தாள். இப்போது பேச முடியாது, ஆளுக்கு அடிபட்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை என்று மலாயில் படபடத்தாள்.

“எதனால?” என்று வாசுகியும் மலாயிலேயே கேட்டாள்.

“கட்டர் உடைஞ்சு முகத்துல.”

இணைப்பு அறுந்தது. சுகுமாறன் பக்கத்தில் வந்து நின்று, என்ன என்று கேட்டான். “அங்க உடைஞ்சிருச்சு,” என்றபடியே அவள் அவசரத்தில் இரண்டு முறை தவறாக அழுத்தினாள்; மூன்றாம் முறைதான் சிங்கப்பூர் எண் சரியாக விழுந்தது.