அரை, கால், அரைக்கால்

என் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வரி கூட நான் கயிறு திரித்ததில்லை. சந்தேகப் பிராணிகள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை.

தங்கையின் கணவர் பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுகிறவர். அலுவலகக் கதவுகளிலும் கட்டட வாசல்களிலும் மின்னுகிற பெயர்ப்பலகைகள் எல்லாம் அவர் உளியில் பிறந்தவை. ஆனால் வலப்பக்கம் காபி ஜாடி இல்லாமல் உளியைத் தொடமாட்டார். ஜாடி காலியாகக் காலியாகக் கை நடுங்க ஆரம்பிக்கும். ஏதோ லேசான நடுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துப் பட்டறை மெக்கானிக், துருப்பிடித்த திருகாணிகளை மண்ணெண்ணெயோடு ஒரு டப்பாவில் போட்டு, "சித்த நேரம் பிடிச்சுக்குங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது அத்தனையும் பளபளவென்று இருக்கும். என் தங்கையும் பாலாடையை ஜாடியில் போட்டுக் கொடுத்து வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு லாபம்தான். தொழிலுக்குத்தான் நஷ்டம்.

உளி ஒரு துள்ளல் அதிகமாகத் துள்ளினால் வேண்டாத இடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிடும். 'இங்கே பல மருத்துவர்கள் உள்ளனர்' என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு பலகை வெட்டினார். லகரத்தின் தலையில் ஒரு புள்ளி விழுந்து 'பல் மருத்துவர்கள்' ஆகிவிட்டது. மறுநாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஜனங்கள் நின்றார்கள். இருதய டாக்டர் வேறு வழியில்லாமல் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். அன்றிலிருந்து தெருவில் மாப்பிள்ளைக்குப் 'பெரும்புள்ளி' என்று பெயர் விழுந்தது.

இருந்தும் அந்த ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டரம்மா, புதுக் கட்டடத்துக்கும் அவரிடமே பலகை கேட்டார். பழைய பலகை மாதிரியே வேண்டும், புள்ளி விஷயத்தில் ஏதாவது கோளாறு என்றால் இனி ஆஸ்பத்திரி வேலை எதுவும் கிடையாது என்று சொல்லியனுப்பினார். பட்டறையில் பாதி வேலை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. என் தங்கை கணவரிடம் கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இந்தத் தடவை கோட்டை விட்டீங்கன்னா பட்டறைய மூடிட்டு எங்கண்ணன் வீட்லயே போய் இருந்துக்குங்க."

விஷயம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளை ரோஷக்காரர். அன்றே காபியை ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாள் தலைவலி வந்தது. அவர் தலை விண்விண்ணென்று தெறித்த சத்தத்தில், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து யார் தட்டுகிறது என்று கேட்டார். நான் அவரைக் கைத்தாங்கலாக டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அந்த அம்மாள் ஒருவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் வைத்தியம் சொன்னார்.

"ஒரேயடியா நிறுத்தினா தலை வலிக்கத்தாங்க செய்யும். இந்த வாரம் அரை. அடுத்த வாரம் கால். அதுக்கடுத்த வாரம் அரைக்கால். அப்புறம் விட்டுடுங்க. தலைவலி எட்டிக்கூடப் பாக்காது."

பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. இதற்கு விளக்கவுரை தேவையா? வெளியே வந்ததும் மாப்பிள்ளை முகம் சுண்டிப்போயிருந்தது.

"கவனிச்சீங்களா மச்சான்? அதுவரைக்கும் வாங்க போங்கன்னுட்டு, வைத்தியம் சொல்றப்ப மட்டும் 'அரை'ங்கறாங்க. அரைங்கன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், மரியாதை இல்லாமல் கொடுத்தாலும் மருந்து மருந்துதான் என்று அவரே சமாதானமாகிவிட்டார். குறுக்கே பேசினால் என் வீட்டுக்கே வந்துவிடுவாரோ என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் வாரம் அரைத்தார். பரணிலிருந்து ஒரு கையரவை மில்லை இறக்கிக் கொட்டையைப் போட்டுச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். எவ்வளவு சுற்றினாலும் அந்தக் குட்டி மில்லில் அரை ஜாடிக் காபிக்கு ஆகிற தூளுக்கு மேல் விழவில்லை. மருந்து என்பதால் கடைத்தூளை வாங்கவும் மனம் வரவில்லை. அரை ஜாடியோடு நிறுத்திக்கொண்டார். தலை வலிக்கவில்லை. டாக்டரம்மா கைராசிக்காரி என்றார்.

இரண்டாம் வாரம் கால். குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் தொட்டி கூடத்துக்கு வந்தது. அந்த அரை ஜாடிக் காபியில் பாதியைத் தொட்டியில் ஊற்றிப் பாதங்களை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வாயில் ஊற்றிக்கொண்டார். மூன்றாம் வாரம் அரைக்கால். அதற்கென்றே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டார். முழங்கால் வரை நனைய வேண்டும் என்று பெரும்பகுதி தொட்டிக்கே போய்விட, குடிக்க நாலு வாய் மிஞ்சினால் அதிகம். தங்கை மட்டும் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், "ஊர்ல எல்லாரும் காபிய வாயால குடிக்கிறாங்க" என்றாள்.

தலைவலி வரவேயில்லை. கை கல்லாக நின்றது. ஆனால் இறங்கின காபி எங்கே போகும்? கால் இரண்டும் தூங்க மறுத்தன. மேலே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், கீழே கால்கள் படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் கண் விழித்தபோது பஸ்ஸில் டிக்கெட் வாங்கியிருந்தார்.

கல்லாக நின்ற அந்தக் கையால்தான் புதுப் பலகையை வெட்டினார். ஒரு புள்ளி கூடுதலாக விழவில்லை. திறப்புவிழா அன்று காலை, வாசல் சுவரில் அதைத் திருகாணி போட்டு முடுக்கியானதும் டாக்டரம்மா வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"புள்ளி எங்க?" என்றார்.

"எந்தப் புள்ளிங்க?"

"'ல'னா மேல இருந்த புள்ளிதான். பழசு மாதிரியே வேணும்னுதானே சொன்னேன்? அந்தப் பலகையப் பாத்துட்டு வந்தவங்க எல்லாம் பல்வலிக்காரங்க. மத்த டாக்டருங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. இப்ப இங்க பல மருத்துவர் எங்க இருக்காங்க? எல்லாரும் பல் மருத்துவருதான்."

விருந்தாளிகள் கார்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை உளியை எடுத்து லகரத்தின் தலைக்கு நேரே பிடித்தார். சுத்தியலைத் தூக்கினார். கை இறங்கவில்லை. கூடுதல் புள்ளி கூடாது, கூடாது என்று மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிப் பழக்கிய கை. அது அந்தரத்திலேயே நின்றது. தங்கை என்னைப் பார்த்தாள். என் வீட்டில் எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்று நான் மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போது அவர் வலது கால் துடித்தது. பிறகு இடது கால். துடிப்பு முழங்காலில் ஏறி, இடுப்பைக் கடந்து, தோள் வழியாக இறங்கிச் சுத்தியலை ஒரு துள்ளு துள்ள வைத்தது. டங். லகரத்தின் தலையில் உருண்டையாக ஒரு புள்ளி. அழகான புள்ளி. கை கைவிட்ட இடத்தில் கால் கைகொடுத்தது.

டாக்டரம்மா அங்கேயே அடுத்த மாடிக்கும் பலகை சொன்னார். மாப்பிள்ளை இன்றுவரை ஒரு சொட்டுக் காபி குடிப்பதில்லை. புள்ளி அதிகமாக உள்ள வேலை வந்தால் மட்டும் தொட்டியை எடுப்பார். என் தங்கை அவரை என் வீட்டுப் பக்கம் அனுப்பவே இல்லை.

என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை; கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.