புதினா படர்ந்த கொல்லை

வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்கால் கரைத் தெருவில் இருந்தது காத்தாயியின் கூரை வீடு. வீடு அவளுடையது, அது நின்ற மண் மிராசுதாருடையது. அவர் வயலில் மூன்று தலைமுறையாக நட்டு அறுத்தும் அதுதான் நிலைமை. எழுபத்தொன்றில் புதுச் சட்டம் வந்தது. பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை இனி அவர்களுக்கே சொந்தம் என்றார்கள். தெருவே கூத்தாடியது.

அடுத்த வாரமே மிராசுதாரின் காரியக்காரர் துரைராசு வந்து நின்றார்.

"சுவரு நிக்கிற எடம்தான் உங்களுக்கு. கொல்லை எங்களுது. வைக்கப்போர் போடப்போறோம்."

காத்தாயிக்குச் சுருக்கென்றது. அவள் சமையலில் பாதி அந்தக் கொல்லையில்தான் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு, பிரியாணி சமைக்கும் ஹபீப் முகம்மது பாய் இலையை ஆய்ந்துவிட்டு எறிந்த புதினாத் தண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றினாள். அது கோரைப்பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பாத்தி கொத்துமல்லி, வேலியில் தூதுவளை, கல்லிடுக்கில் கற்பூரவல்லி. வெறும் கஞ்சிகூட ஒரு துவையல் வைத்தால் விருந்தாகிவிடும்.

"வம்பு வேணாம் புள்ள. வீடு கெடச்சதே பெருசு" என்றான் அவள் கணவன் வீரையன்.

"வீட்ட வச்சிக்கிட்டு ரசத்துல என்னத்தக் கிள்ளிப் போடறது?"

ஒருநாள் அவள் களை எடுத்துத் திரும்பியபோது பண்ணை மாடுகள் கொல்லையில் நின்றன. யாரோ வேண்டுமென்றே ஓட்டிவிட்டிருந்தார்கள். புதினா பிடிக்காமல் மாடுகள் அதை மிதித்துத் துவைத்துவிட்டு, கொத்துமல்லியை ஒட்ட மேய்ந்திருந்தன. காத்தாயி வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மல்லி விதையைச் செங்கல்லால் தேய்த்து இரண்டாக உடைத்து மறுபடி விதைத்தாள். பத்து நாளில் புதினா மிதிபட்ட கணுவெல்லாம் துளிர்த்தது.

அந்தச் சமயத்தில்தான் சங்கிலி பிடிக்கும் ஆட்களோடு மனைகளை அளக்க வந்தார் வருவாய் ஆய்வாளர் ஜெக்கரியா.

"வீட்டோட சேத்துப் பொழங்குற எடமும் அவங்களுக்குத்தான். கொல்லைய யாரு பொழங்குறது?"

"யாருமில்லீங்க" என்றார் துரைராசு. "இதெல்லாம் சட்டம் வந்தப்புறம் அவசரமா ஊனுனது. பாருங்க, நேத்து மொளச்ச மல்லி!"

ஜெக்கரியா காத்தாயியைப் பார்த்தார். "எத்தன வருஷமா போடுறீங்க? சொல்லுங்கம்மா."

அதிகாரி ஒருவர் தன்னை 'சொல்லுங்க' என்று கேட்டது அதுவே முதல் தடவை.

அந்தத் திகைப்பிலிருந்து அவள் மீள்வதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. கையில் கிண்ணத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள் வள்ளியம்மை, துரைராசுவின் மனைவி. கூரை மறைத்ததால் ஆண்கள் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

"காத்தாயி! சின்னவனுக்கு மறுபடியும் சளி. நாலு கற்பூரவல்லி எலை குடு. மூணு வருஷமா ஒன் கொல்லை எலையிலதானே அவன் எந்திரிக்கிறான்! அப்படியே ஒரு பிடி புதினாவும் குடு. தொவையல் இல்லன்னா எங்க வீட்டுக்காரருக்குச் சோறு எறங்காது."

துரைராசுவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ஜெக்கரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பேட்டில் குனிந்தார். "சங்கிலிய வேலி வரைக்கும் இழுங்கப்பா."

வேலியருகே வந்து கணவனைப் பார்த்துவிட்ட வள்ளியம்மை கிண்ணத்தோடு உறைந்து நின்றாள். காத்தாயி நல்ல இலையாகப் பார்த்துக் கிள்ளி, கிண்ணத்தை நிரப்பினாள்.

"தேன்ல கொழச்சுக் குடுங்கம்மா. ரெண்டு நாள்ல சரியாப்போவும்."

துரைராசு மனைவிக்கு முன்னால் விடுவிடுவென்று வரப்பேறி நடந்தார்.

அன்றே தெருவில் எல்லா வீட்டையும் வேலி வரைக்கும் அளந்தார்கள். தை மாதம் பட்டா வந்தது. வீரையன் அதைக் கூரைச் செருகலில் வைத்தான். மழை ஒழுகுமே என்று காத்தாயி எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். மறுநாள் கும்பகோணம் போய் ஒரு நாரத்தங்கன்று வாங்கி வந்தாள்.

"இது காய்க்க ஆறு வருஷமாவுமே" என்றான் வீரையன்.

"ஆவட்டும்" என்று அவள் குழி வெட்டத் தொடங்கினாள். "நாம எங்க போவப்போறோம்?"