கை தவறல

இஸ்திரிப் பெட்டியால் சூடு வாங்கியவன் மன்னித்துவிட்டானாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! சூடு வைத்தவள் நெட்டை. அந்தச் சலவைக் கூடத்தில் வரிசையாக நிற்கும் இஸ்திரி மேசைகளில் கடைசி மேசை அவளுடையது. ஆள் கொஞ்சம் உயரம், அதனால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சூடு வாங்கியவன் சூப்பர்வைசர். மறுநாள் காலையில் வலது கையில் வெள்ளைக் கட்டோடு மேனேஜர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாவம், வேணும்னேவா செஞ்சா? கை தவறிடுச்சு. புள்ளகுட்டிக்காரி, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்ன பெரிய மனசு என்று எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

நெட்டைக்கு வயிறு எரிந்தது.

கை தவறவே இல்லை. முந்தின நாள் மதியம் அவள் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான். சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒரே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். மடிப்பு சரியில்லையே என்று அங்கே வந்து குனிந்தான். குனிவது அவனுக்குப் புதிதல்ல. எந்த மேசையில் பெண் நின்றாலும் குனிவான், கை எங்கேயாவது படும், "அடடா, தெரியாம பட்டுடுச்சும்மா" என்பான். அன்றைக்கு இடது கை அவள் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. "கைய எடுங்க" என்றாள். எடுக்கவில்லை. "கைய எடுங்க சார்!" என்றாள் சத்தமாக. கை மேலே ஏறியது. அவள் நகர முடியாதபடி வலது கையை மேசைமேல் குறுக்கே ஊன்றி அடைத்துக்கொண்டான். ஊன்றிய அந்தக் கையின்மேல் பெட்டியை வைத்தாள். வைத்து அழுத்தினாள். சூடு சொரணை இல்லாத ஜென்மத்துக்கு அன்றைக்குச் சூடாவது கிடைத்தது.

அடுத்த மேசை அவளுடைய நாத்தனாருடையது. புருஷனின் அக்கா. நெட்டையை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். உடை மாற்றும் அறையில் நெட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருடி, பெட்டி வழுக்கிடுச்சு, நான் பாத்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மதியம் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசப்போறாராம். நீயும் அதையே சொல்லி ஒரு மன்னிப்பு கேட்டுடு. விஷயம் முடிஞ்சுது."

"நீங்க என்ன அண்ணி பாத்தீங்க?"

"என் வாயக் கிளறாத. வேணும்னே செஞ்சேன்னு சொன்னா போலீஸ் கேசு. உன்னத் தூக்கி உள்ள வெப்பாங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு என் தம்பி என்னடி பண்ணுவான்? அவனுக்கு வெந்நி போடக்கூடத் தெரியாது."

"கை தவறுச்சுன்னு சொன்னா, அவன் எதுக்கு அங்க வந்து நின்னான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்களே."

"கேக்க வேணாம்னுதானே இவ்வளவும் பண்றேன்!"

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கை தவறியது என்றால் காரணம் எதுவும் தேவையில்லை. வேண்டுமென்றே செய்தாள் என்றால், எதற்குச் செய்தாள் என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். அதனால்தான் வெந்த கையை வைத்துக்கொண்டு அவனே இவளுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தான். இவள் தலையாட்டிவிட்டால் போதும். புண் ஆறும், கட்டுப் பிரிப்பான், மறுபடியும் மடிப்பு சரியில்லை என்று வந்து குனிவான். வேலை போய்விடும், ஜெயில் என்கிறார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பயம் நெட்டைக்கு இல்லாமல் இல்லை.

மதியம் மூட்டை கட்டும் இடத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தொடங்கினார் மேனேஜர். லீவு கேட்டால் மட்டும் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் உறவில்லை. அவர் பேசி முடித்ததும் சூப்பர்வைசர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. அது என் தங்கச்சி மாதிரி."

"தங்கச்சியா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. நெட்டை வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"த்தூ! தங்கச்சி இடுப்புலதான் கைய வெப்பியா? சார், எனக்குக் கை தவறல. எடுன்னு ரெண்டு தடவ சொன்னேன். எடுக்கல. மேல கொண்டுபோனான். அதான் வெச்சேன். வேணும்னேதான் வெச்சேன்."

"என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "இப்பவே போலீஸக் கூப்பிட்டா உன் கதி என்னாகும் தெரியுமா?"

"கூப்பிடுங்க. எதுக்கு வெச்சேன்னு அவங்களாவது கேப்பாங்க."

"ஐயையோ, போலீஸெல்லாம் எதுக்கு சார்!" சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்தான். "பதட்டத்துல ஏதோ உளறுது. கை தவறினதுதான் சார், என் கைதானே, எனக்குத் தெரியாதா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை. பூசி மெழுகி முடிக்கப் பார்த்த காரியம் இப்படி நாறுகிறதே என்ற ஆத்திரத்தில் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"நீதானேம்மா பக்கத்துல நின்னவ? வழுக்குச்சுன்னு நீதானே சொன்ன? எல்லார் முன்னாடியும் சொல்லு."

நெட்டை அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அண்ணி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், இவள் பொய்க்காரி, கொழுப்பெடுத்தவள், ஒரு நல்ல மனுஷனைச் சுட்டவள்.

"பொய் சொன்னேன் சார்" என்றாள் நாத்தனார். "அவ ரெண்டு தடவ சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல."

"என்னம்மா, ஆளாளுக்கு..."

"இருங்க சார், பேசிக்கிறேன்." அவள் சூப்பர்வைசருக்கு நேரே போய் நின்றாள். அவன் ஓரடி பின்வாங்கினான். "போலீஸ் வரட்டும், அங்கயும் சொல்றேன். போன வருஷம் என்கிட்டயும் இதே கைதான் வந்துச்சு. அப்ப என் கையிலயும் சுடச்சுடப் பெட்டி இருந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமாடா? எவனோ ஒருத்தன் சட்டை தீஞ்சிடக் கூடாதேன்னு, பெட்டியப் பதமா நிமித்தி வெச்சுட்டு, அதுக்கப்புறம் நின்னு அழுதேன்."