ஒரு சிரட்டைச் சாராயம்

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் என் முறை வந்தபோது கம்பளியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இந்த நல்லம்மாவின் மூஞ்சியைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. கந்தப்பன் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து குதிரையில் வந்து எங்கள் நாக்கையும் கண்ணையும் பார்த்துப் போகிற மருந்தய்யா, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி அவருக்குப் பின்னால் நின்றார்.

இரண்டு வருஷமாக இந்தச் சனியன். முதலில் வெயிலில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தால்தான் கன்னம் காந்தும். பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாலே காந்த ஆரம்பித்தது. என் கறுத்த தோலில் எங்கே தெரியப்போகிறது என்று இருந்தேன். தெரிந்தது, நாவல்பழ நிறத்தில், மூக்கின் மேல் சின்னச் சின்னக் கொப்புளத்தோடு. அம்மன் என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். அன்று எரிந்த எரிச்சலில் ஓடைத் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கிக்கொண்டு அழுதேன். அதன் பிறகு நானே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். தேத்தண்ணியை ஆறவைத்துக் குடித்தேன். மிளகாயைக் குறைத்தேன். நிழல் விழும் தேயிலை நிரையாகப் பார்த்து ஏறினேன். ஈரத்துணியை மடியில் செருகி வைத்து, யாரும் பார்க்காதபோது ஒற்றிக்கொண்டேன். காந்தல் நாலைந்து நாள் அடங்கும். கொப்புளம் மட்டும் போகாது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் குடிகாரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். புருஷனைப் பறிகொடுத்துத் தனியாக மகளை வளர்க்கிறவளை ஏதாவது சொல்லத்தானே செய்வார்கள். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கிலிருந்து பெரியாயி தன் மகனுக்கு என் லெட்சுமியைக் கேட்டு வந்த பிறகு பேச்சு மாறியது. பெருநோய், குஷ்டம் என்றார்கள். மருந்தய்யா அப்படி எழுதிவிட்டால் பண்டாரவளை வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில், கொழும்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பதினாறு வயதுப் பெண்ணை அந்த லயத்தில் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?

கம்பளியை இறக்கச் சொன்னார் மருந்தய்யா. இறக்கினேன். பெருநோய் வந்த இடத்தில் ஊசி குத்தினாலும் உறைக்காது, எனக்கு ஈ உட்கார்ந்தாலே எரிகிறது, தொட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். கொழும்புக்கு எழுத வேண்டியதுதான் என்று நோட்டைத் திறந்தார். நாலு ஆள் தள்ளி லெட்சுமி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"நோவு இல்லீங்க. நான் குடிக்கிறேனுங்க."

களமே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. அவர் கூட்டிவந்த ஆட்களில் ஒருத்திக்குப் பெருநோய் என்றால் துரைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தன் வீட்டிலிருந்து சாராயப் போத்தலை எடுத்துவரச் சொன்னார். குடிக்கிற மூஞ்சி சாராயம் பட்டதும் பற்றிக்கொள்ளும், நோவு மூஞ்சி அப்படியே கிடக்கும் என்று அடித்துப் பேசினார். எங்கே படித்தாரோ! மருந்தய்யாவும் தலையாட்டினார்.

சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். என் அப்பனும் புருஷனும் குடித்தே செத்தவர்கள். அந்த வாடையே எனக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். சாமி சத்தியமாக, அடுப்புக்குள் முகத்தை வைத்தது போல இருந்தது. கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் பற்றி ஏறியது. "பாத்தீங்களாய்யா" என்றார் கங்காணி. மருந்தய்யா 'குடி' என்று எழுதிக்கொண்டு குதிரை ஏறினார்.

சாயங்காலம் பெரியாயி வந்தாள்.

"குடிச்சா குடிச்சிட்டுப் போங்க மதினி. நோவு இல்லேன்னு ஆச்சுல்ல, அது போதும்."

கல்யாணம் தையில் என்று பேசி முடித்தோம். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தைக்கு முன்னால் மருந்தய்யா இன்னும் மூன்று தடவை வருவார். மூஞ்சியில் கொப்புளம் இருக்கும்வரை வாயில் சாராய வாடையும் இருந்தாக வேண்டும். குடித்தால் கொப்புளம் கூடும். கூடினால் இன்னும் குடிக்க வேண்டும். இதில் எந்தப் பக்கமாக வெளியே வருவது?

ஐப்பசியில் அவர் வருகிற நாள். விடியுமுன்பே பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தது. கங்காணி வீட்டில் கெஞ்சி வாங்கி வைத்திருந்த சாராயத்தை லெட்சுமிதான் சிரட்டையில் ஊற்றினாள். நான் குடிக்கிறவள் இல்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"கொஞ்சமா ஊத்துடி."

"வாடை அடிக்கணும்லம்மா" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவளுடைய மற்றக் கையில் நனைத்துப் பிழியாத துணி இருந்தது. அதிலிருந்து தண்ணீர் என் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது.