நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று

ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கிற மனிதர் கண்ணாடிக்காரர். அப்படிப்பட்டவர் அன்று காலை எட்டு மணிக்கே சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, பழைய போர்வை ஒன்றை விரித்து, புது ரெக்கார்டு பிளேயரின் பெட்டியை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. "பிரிக்கட்டுமா?" என்று அவர் மூன்றாவது தடவை கேட்டபோது, "பிரிங்க, பிரிங்க, உள்ளே அதுக்கு மூச்சு முட்டப்போகுது" என்றாள் அவள்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. டாக்டர் முதல் துப்புரவு ஆள் வரை எல்லோருக்கும் 'போனக்கா'. யாராக இருந்தாலும் மூன்று வார்த்தை பேசினால் போதும், ஆளைச் சொல்லிவிடுவாள். ஒருமுறை தொண்டை கட்டியிருந்த தலைமை டாக்டர், விளையாட்டாக வேறு யாரோ மாதிரி பேசிப் பார்த்தார். "முதல்ல வெந்நீர்ல வாய் கொப்பளிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் இணைப்பையே கொடுத்தாள். குரல் விஷயத்தில் தனக்குத் தப்பியதே இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அவள் கேட்ட குரல்களிலேயே அவளுக்கு உயிரான குரல் உள்ளங்கை அகல ரெக்கார்டு ஒன்றில் இருந்தது. அவளுடைய அப்பாவின் குரல். சாலை போடுகிற வேலைக்கு மேற்பார்வையாளராக வெளியூர் போயிருந்தவர், அங்கே ஒரு பொருட்காட்சியில், உள்ளே நின்று பேசினால் ரெக்கார்டாக வெட்டிக் கொடுக்கிற கூண்டு ஒன்றைப் பார்த்து, வீட்டுக்கு ஒன்றரை நிமிடம் பேசி அனுப்பினார். அப்போது அவள் பிறந்து நாற்பது நாள். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது அப்பா போய்விட்டார். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. மற்றபடி அப்பா என்றால் அவளுக்கு அந்த ஒன்றரை நிமிடம்தான்.

அது மெல்லிய ரெக்கார்டு, ஓட்ட ஓட்டத் தேயும். அதனால் வருஷத்துக்கு ஒரே முறை, அவளுடைய பிறந்த நாளன்று மட்டும் போடலாம் என்று அம்மா கண்டிப்பாக வைத்திருந்தாள். அம்மா போன பிறகும் அவள் அதை மீறவில்லை. போட்டதெல்லாம் அப்பா காலத்துப் பழைய பிளேயரில்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் அதன் மோட்டார் புகைந்து கருகிவிட்டது. மோட்டார் கட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற அவளுடைய அண்ணனே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார். அந்த வருஷப் பிறந்த நாளில் அவள் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் ஆறு மாதம் யார் யாரிடமோ விசாரித்து, எதை எதையோ படித்து, இதைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

மூக்குக்கண்ணாடிக்குக் கடுகளவு திருகாணி போட்டுப் பழகிய விரல்கள் அவருடையவை. தட்டை அச்சில் இறக்கினார், பெல்ட்டை மாட்டினார். கடையிலிருந்து கொண்டுவந்த, சாய்வு காட்டுகிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துச் சொருகினார். ஊசி இருக்கிற கை காற்றில் படுக்கைவாட்டில் மிதக்கும்வரை பின்பக்க எடையைத் திருகி, பிறகு இம்மி இம்மியாக ஊசியின் பாரத்தை ஏற்றினார். ஒன்று புள்ளி எட்டு கிராம். அவள் எதிரில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காகப் பல நாள் அலுத்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தபோது, நாம் என்ன புண்ணியம் செய்தோமோ என்றுதான் தோன்றியது.

சோதனைக்கு முதலில் ஒரு வயலின் ரெக்கார்டு. இழை இழையாகக் கேட்டது. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கண்ணாடிக்காரர் தட்டின்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு ஒரு தடவை, துணி விரிப்பைப் போட்டு ஒரு தடவை என்று ஓட்டினார்.

"எது தெளிவா இருக்கு? முதல்ல கேட்டதா, ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"கண் டெஸ்டுக்கு வர்றவங்களும் இதையேதான் சொல்றாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் யோசித்தது வேறு. இத்தனை வருஷம் கேட்ட அதே வயலின் இன்றைக்கு ஏனோ தூங்கி எழுந்த மாதிரி மெதுவாக நடந்தது. சுருதியும் இறங்கியிருந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை. "முதல் விரிப்பே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சின்ன ரெக்கார்டை எடுத்துவர உள்ளே போனாள்.

அவர் வேகத்தை நாற்பத்தைந்துக்கு மாற்றி, ஊசியைப் பூப்போல இறக்கினார்.

"கேக்குதா? பேசலாமா?... நான்தான் பேசறேன். இங்க எல்லாம் சௌக்கியம். சாப்பாடுதான் சரியில்லை..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒரு கனத்த மனிதர், மார்பிலிருந்து, ஆற அமரப் பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பாவின் குரல் துறுதுறுவென்று ஓடுகிற இளவட்டக் குரல். கால் தரையில் பாவாத ஆளின் குரல். வார்த்தைகள் எல்லாம் அதே வார்த்தைகள்தான். பேசுகிற ஆள்தான் வேறு. அடுத்த வரிக்குள் அவள் எட்டி ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"இது எங்கப்பா இல்லைங்க."

கண்ணாடிக்காரர் கோபப்படவில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று உதட்டை அசைத்து எண்ணினார். நாற்பத்தைந்து. மறுபடியும் எண்ணினார். நாற்பத்தைந்தேதான்.

"வேகம் சரியாத்தாம்மா இருக்கு."

"அப்போ வேற என்னமோ சரியில்லை. எனக்குக் குரல் தெரியாதா? அதுவும் இந்தக் குரல்?"

"தெரியாதுன்னு நான் சொல்லலையே."

"பத்து நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு சொன்னீங்கல்ல? குடுத்துடுங்க."

அவர் முகம் விழுந்துபோனது. ஓரமாக வைத்திருந்த தெர்மாகோலை எடுத்து, எது எந்தப் பள்ளத்தில் பொருந்தும் என்று பார்க்க ஆரம்பித்தார். அவர் சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள், நன்றாக இருந்திருக்கும். ஆறு மாத ஆசையை அந்த மனிதர் சத்தமில்லாமல் மூட்டை கட்டியதை அவளால் பார்க்க முடியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் கிளம்பியிருந்தது. ஒருவேளை இந்த மிஷின் சரியாக இருந்தால்? அப்படியென்றால் ஐம்பத்திரண்டு வருஷமாக அவள் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் யார்?

"இருங்க. அண்ணன் வந்து கேக்கட்டும். அவருக்கு அப்போ பத்து வயசு. அப்பாவை நேர்ல கேட்டவர் அவர் ஒருத்தர்தான் மிச்சம். அவர் இல்லைன்னுட்டா கட்டிடுங்க" என்றாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணன் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் விரல் இடுக்கில் வார்னிஷ் வாசனை. அவரிடம் எதையும் சொல்லக்கூடாது, முகத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று கணவனை அவள் முதலிலேயே எச்சரித்திருந்தாள். "மாப்பிள்ளை புதுசா வாங்கியிருக்காராமே" என்று அண்ணன் பிளேயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பெல்ட்டை விரலால் தட்டிப் பார்த்தார், திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார். டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் ஊசியை இறக்கினாள்.

"...சாப்பாடுதான் சரியில்லை. டேய் பெரியவனே—"

"இதோ வந்துட்டேன்ப்பா" என்று அண்ணன் எழுந்து நின்றார்.

அறுபத்திரண்டு வயசு மனிதர், மூட்டுவலிக்காரர். சாதாரணமாக எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றுவார். டீ சட்டையில் சிந்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. "என் சைக்கிளை எடுத்தியா? எடுத்திருப்பே. காத்தாவது அடிச்சு வை" என்று அந்தக் கனத்த குரல் சொன்னது. அவர் தலை ஆடியது. ரெக்கார்டு முடிகிறவரை அவர் உட்காரவே இல்லை. அவள் ரெக்கார்டைக் கேட்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்டு நின்றதும் அண்ணன் மாப்பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இந்தக் குரலை நானே மறந்துட்டேன். மறந்ததுகூடத் தெரியாம இருந்திருக்கேன்."

"அப்போ பழசுல நான் கேட்டது?" என்றாள் அவள்.

அண்ணன் ஈரச் சட்டையோடு உட்கார்ந்தார். "அது என் கைங்கர்யம். உனக்கு அப்போ மூணு வயசு. பெல்ட் தளர்ந்துபோய் வழுக்கும். அப்பா பேசும்போதே குரல் இழுத்துக்கிட்டே போய் நின்னுடும். நீ ஓன்னு அழுவே. எனக்குப் பதிமூணு வயசு, பெரிய இன்ஜினியர்னு நினைப்பு. மோட்டார் அச்சுல துணி டேப்பை ரெண்டு சுத்துச் சுத்திட்டேன். பெல்ட் கப்புனு பிடிச்சுக்கிச்சு. ஆனா அச்சு பருத்தா தட்டு வேகமா ஓடும்ல? எண்ணிப் பார்த்தேன், நிமிஷத்துக்கு அம்பது. புது பெல்ட் வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன்."

"வரவே இல்லையா?"

"வந்துது. மாட்டவும் போனேன். அம்மாதான் வேணாம்னுட்டாங்க." அண்ணன் தரையைப் பார்த்தார். "சரியான வேகத்துல போட்டப்போ அம்மா ஒருநாளும் முழுசாக் கேட்டதில்லை. பாதியில எழுந்து உள்ளே போயிடுவாங்க. டேப்பு சுத்தினப்புறம்தான் உன்னை மடியில வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாங்க. வேற யாரோ பேசற மாதிரி இருந்ததால தாங்க முடிஞ்சுதோ என்னவோ. நீயும் அதைத்தான் அப்பான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டே. அப்புறம் எந்த வாயால சொல்றது? வருஷம் போகப் போக எனக்கும் அதுவே பழகிடுச்சு."

அவளுக்கு அண்ணன்மேல் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. பதிமூன்று வயசுப் பையன் தங்கை அழுகிறாளே என்று டேப்பைச் சுற்றியிருக்கிறான். அம்மா தன்னால் தாங்க முடிந்த அளவுக்கு அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தப்பான வேகத்துக்கு அடியில் இவ்வளவு பேருடைய அக்கறை இருந்திருக்கிறது. அவள் எழுந்து போய் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து, அண்ணனின் சட்டையில் இருந்த டீக் கறையைத் துடைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை போடும்மா" என்றார் அண்ணன். கேட்டுவிட்டு, "தேயும்ல, வேணாம் வேணாம்" என்றும் அவரே சொன்னார்.

"பழைய ஊசி தேச்ச தடத்துல இது போகலை மச்சான். இது இன்னும் மெலிசு, அதுக்கும் கீழே இறங்கிப் போகுது. இதுவரைக்கும் எந்த ஊசியும் தொடாத இடம். பாரமும் கம்மி. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கண்ணாடிக்காரர். அவருடைய கை ஏற்கெனவே பிளேயரின்மேல் இருந்தது. அவள் தலையசைத்தாள்.

இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவசரமான போனைக் கேட்பதுபோல் கேட்டாள். சாப்பாடு, சைக்கிள், அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடு என்பது வரை வந்தது. அடுத்தது அவளுடைய வரி. அந்த ரெக்கார்டிலேயே அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான், அதுவும் கடைசியில். எல்லோரையும் விசாரித்துவிட்டு, ஐயோ இவள் ஒருத்தி இருக்கிறாளே என்று கூண்டை விட்டு வெளியே வரும்போது அப்பா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதாகத்தான் அவள் இத்தனை வருஷம் கேட்டிருந்தாள். யாரிடமும் சொல்லாத குறை அது. அந்த வரிக்கு முன்னால் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும், கூண்டின் இரைச்சல் என்று நினைத்திருந்தாள்.

"அப்புறம்..." என்றார் அப்பா.

கரகரப்பு இல்லை. அந்த இடத்தில் ஒரு மனிதர் மூச்சு விட்டார். பிறகு மெதுவாக, தனக்குள்ளேயே, தொண்டைக்குள் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "சின்னவளைத் தூங்கவிடு. கொஞ்சிக் கொஞ்சி எழுப்பாதே. நான் வந்து எழுப்பிக்கறேன்."

ரெக்கார்டு முடிந்து வெறும் தடத்தில் ஊசி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் அதைத் தூக்கி வைத்தார்.

"சிரிக்கிறாரே" என்றாள் அவள்.

"உன் பேச்சை எடுத்தாலே அப்படித்தான். முதல்ல சிரிப்பார். அதுக்கப்புறம்தான் வார்த்தை வரும்" என்றார் அண்ணன். "உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது, எது எதென்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. கட்டிய புருஷனுக்கு நன்றி என்று வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் இருந்ததில்லை. அவள் அண்ணனை வைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.